உடன் இருப்பவர் என்ன சாப்பிட்டார்?

என் இடத்தில் இப்போது தலைமை டயட்டீஷியனாக இருக்கும் நித்யா போன மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் என் வீட்டுக்கு வந்து, ஒரு செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஆஸ்பத்திரியில் புது ஏற்பாடாம். நோயாளி சாப்பிட்டு முடித்ததும் தட்டைப் படம் எடுத்தால் போதும். எத்தனை கலோரி, எத்தனை கிராம் புரதம் உள்ளே போனது என்று போனே சொல்லிவிடுமாம். நான் அப்போதுதான் காலை இட்லியை முடித்திருந்தேன். என் தட்டைப் படம் எடுத்துக் காட்டினாள். நூறு சதவீதம் என்றது. அதில் ஒரு இட்லி வாசலில் படுத்திருக்கும் நாய்க்குப் போனது. அதுவும் என் கணக்கில்தான் ஏறியது.

நான் சிரித்ததில் நித்யாவுக்குக் கொஞ்சம் வருத்தம். வந்த விஷயம் வேறு. நெதர்லாந்துக் கல்லூரியோடு சேர்ந்து நடத்தும் ஆன்லைன் வகுப்பில் நான் பேச வேண்டும், பழைய கேஸ் ஏதாவது சொல்ல வேண்டும் என்றாள். பத்து நிமிஷம் தருவார்களாம். பத்து நிமிஷத்தில் நான் தொண்டையைக் கனைத்துத்தான் முடித்திருப்பேன். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் ஒரு கேஸ்தான் முன்னால் வந்து நிற்கிறது.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சாந்தோமில் பிறந்தேன். அப்பா, அத்தை, மாமா எல்லோரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். நானும் சாக்பீஸ் பிடிக்க வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. சாப்பாட்டுப் படிப்பு படிக்கிறேன் என்றதும், சமையல் கற்க காலேஜ் எதற்கு, உன் அம்மாவிடம் கற்றுக்கொள் என்றார். படித்தேன், பயிற்சி முடித்தேன், மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன், அங்கேயே ரிட்டயர் ஆனேன். சேர்ந்த காலத்தில் டயட்டீஷியன் என்றால் சாம்பாரில் உப்பைக் குறைக்கிற அம்மா. டாக்டர்கள் எங்களைக் கடந்து போகும்போது பசிக்கிறது என்று ஜோக் அடிப்பார்கள்.

எனக்கு மேலே சரஸ்வதி மேடம். மயிலாப்பூரில் மாடவீதிக்குப் பின்னால் பிறந்து வளர்ந்தவர். வாழ்க்கைப்பட்டதும் அதே தெருவில் நாலு வீடு தள்ளி. ஒல்லி உடம்பு, பருத்திப் புடவை, காதுக்குப் பின்னால் எப்போதும் ஒரு பென்சில். அவர் யாரையும் கத்தி நான் கேட்டதில்லை. நோயாளியின் சாப்பாட்டுச் சார்ட்டில் தப்பு இருந்தால் அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பார். என்ன தப்பு என்று சொல்ல மாட்டார். நாமே கண்டுபிடித்துத் திருத்திக் கொண்டுபோய்க் காட்டினால் ரப்பரை எடுத்துப் புள்ளியை அழிப்பார். இதற்கு நாலு திட்டு திட்டித் தொலைத்தால் தேவலை என்று பல தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்.

மூக்கு வழியாகப் போடும் குழாயில் ஊற்றுகிற உணவை அப்போது நாங்களே தயாரிப்போம். வறுத்து அரைத்த பயறு, அரிசி மாவு, பால், எண்ணெய், சிலருக்கு முட்டை. காய்ச்சி, ஆறவைத்து, மெல்லிய துணியில் இரண்டு தடவை வடிகட்ட வேண்டும். பிறகு பெரிய சிரிஞ்சில் ஊற்றி, ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்ட ஒரு குழாய் வழியாக இறங்கவிட வேண்டும். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்தில் நிற்பார். நடுவில் ஒரு தடவை நின்றாலும் போச்சு, மறுபடி வடிகட்டு. தடையில்லாமல் இறங்கினால் ஒரு ஸ்பூன் எடுத்துத் தன் வாயில் விட்டுக்கொள்வார். குழாயில் போவதற்கு ருசி எதற்கு மேடம் என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

“ஏப்பம் விடறச்சே அவாளுக்குத் தெரியுமே, ரெஜினா,” என்றார்.

முட்டை போட்டதை மட்டும் ஒன்றும் சொல்லாமல் என் பக்கம் நகர்த்திவிடுவார். அந்த வேலையைப் பல வருஷம் நான்தான் செய்தேன். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே சப்புக்கொட்டுவேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்.

மரைக்கே வந்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிறகு. எங்கள் ஆஸ்பத்திரிக்கும் அந்த நெதர்லாந்துக் கல்லூரிக்கும் ஓர் ஏற்பாடு ஆயிற்று. வருஷத்துக்கு ஒரு மாதம் அவர்கள் ஆசிரியை ஒருவர் இங்கே வந்து வகுப்பெடுத்து, வார்டில் எங்களோடு சுற்றுவார். எங்களில் ஒருவர் அங்கே போவோம். அப்படி வந்தவள் மரைக்கே. என் வயதுதான், ஆனால் என்னைவிட ஒன்றரை அடி உயரம். கோட்டூர்புரத்தில் தங்கியிருந்தாள், அங்கிருந்து சைக்கிளில் வருவாள். வந்து சேரும்போது முகம் தக்காளி நிறத்தில் இருக்கும். சாப்பாட்டு வண்டி தள்ளுகிற கன்னியம்மா மூன்றாம் நாளே அவளுக்கு மரிக்கொழுந்து என்று பெயர் வைத்துவிட்டாள். மரைக்கேவும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

அவள் பெட்டியில் புடவைத் துணியோ சாக்லேட்டோ இல்லை, ஒரு தராசு இருந்தது. எங்கள் சார்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லோரும் முழுச் சாப்பாடும் சாப்பிட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அப்புறம் ஏன் எடை குறைகிறது என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் கட்டில் கட்டிலாகப் போய், சாப்பிட்டீர்களா என்று கேட்போம். ஆச்சு என்பார்கள். எழுதிவிடுவோம். நம் ஊரில் அந்தக் கேள்விக்கு இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? துக்க வீட்டில் கேட்டால்கூட ஆச்சு என்றுதான் தலையாட்டுவார்கள். இதை அவளுக்கு விளக்கினேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தராசை மேஜைமேல் வைத்தாள். தட்டு போகும்போது ஓர் எடை, திரும்பும்போது ஓர் எடை. இடையில் குறைவதுதான் நோயாளி சாப்பிட்டது.

கன்னியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இன்னாம்மா இது, சோத்தைப் போயி நகை மாரி நிறுத்துக்கினு கீறீங்க,” என்று முகத்தைச் சுளித்தாள்.

ஆனால் தராசு வேலை செய்தது. ஆச்சு என்று சொன்னவர்களில் பலர் பாதிகூடத் தொடவில்லை என்று ஒரே வாரத்தில் தெரிந்தது. எனக்கு வெட்கமும் இருந்தது, சந்தோஷமும் இருந்தது. மூன்றாம் வாரம் தராசு என் தராசாகிவிட்டது. யாரையும் அதைத் தொட விடமாட்டேன்.

சுடலைமுத்து வார்டில் சேர்ந்தது தராசு வந்து சில நாள் கழித்து. தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் புடவை எடுத்துக் காட்டுகிறவர், தென்கோடிக்காரர். உணவுக்குழாயில் கட்டி. ஆறு மாதமாகச் சோறு இறங்கவில்லை. பிசைந்ததும் கரைத்ததும் மட்டும் கொஞ்சம் போகும் என்றார். ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம். ஆனால் நாற்பத்தெட்டுக் கிலோதான் இருந்தார். நாற்பத்தைந்துக்குக் கீழே போனால் கத்தி வைக்க மாட்டேன் என்று சர்ஜன் அவர் காதுபடவே சொல்லிவிட்டார். பக்கத்தில் அவர் மனைவி செல்லத்தாய் நின்றிருந்தாள். இரண்டு வாரம் அவரைத் தேற்றிக் கொடுங்கள் என்று எங்களிடம் ஒப்படைத்தார்.

ஒரு நாளைக்கு ஆறு வேளை என்று போட்டேன். நெய் விட்ட பருப்புக் கூழ், பால் கஞ்சி, முட்டை கலந்த கஸ்டர்டு, குழைத்து மசித்த இட்லி. சுடலைமுத்து நல்ல மனிதர். அரை நிமிஷத்தில் என் புடவை எந்த ஊர்த் தறி என்று சொல்லிவிடுவார். தட்டை வைத்தால் கும்பிட்டு வாங்கிக்கொள்வார். திரும்பி வரும்போது தட்டு வழித்து வைத்தாற்போல் இருக்கும். தராசில் வைத்தால் வெறும் தட்டின் எடை. மரைக்கே நோட்டில் எழுதுவாள், நான் சார்ட்டில் எழுதுவேன். செல்லத்தாயைக் கேட்டால், “அவிய நல்லா சாப்ட்டாவம்மா. ஒரு பருக்கை மிச்சம் வைக்கல,” என்பாள்.

பத்து நாள். எடை ஏறவில்லை. நாற்பத்தெட்டு நாற்பத்தாறானது. கட்டி தின்கிறது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். செல்லத்தாய் முகம் மட்டும் கொஞ்சம் தெளிந்திருந்தது. வந்த அன்று ஒட்டிக் கிடந்த கன்னம் இப்போது பூசினாற்போல் இருந்தது. என்ன செல்லத்தாய், மெட்ராஸ் தண்ணி ஒத்துக்கிச்சு போல என்று நான் அவளைக் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. நான் அதையும் கவனிக்காமல் அடுத்த கட்டிலுக்குப் போனேன். இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் ஒன்று போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

எடை இன்னும் குறைவதற்குள் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடலாம் என்று சர்ஜன் முடிவு செய்தார். எவ்வளவு வேகத்தில் ஆரம்பிப்பது என்பது எங்கள் பொறுப்பு. நாள்கணக்கில் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாகச் சாப்பாட்டைக் கொட்டக் கூடாது. அந்த வேகத்தில் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ் மாதிரியான உப்புச்சத்துகள் சட்டென்று கீழே இறங்கும், மூச்சும் இதயமும் தடுமாறும், ஆளே போய்விடலாம். அப்படிப்பட்டவருக்குக் கால் பங்கில் ஆரம்பித்து, ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் ஏற்ற வேண்டும். மரைக்கே என்னைக் கேட்டாள், இவருக்கும் மெதுவாகவே ஆரம்பிக்கலாமா என்று. நான் சார்ட்டைத் தூக்கிக் காட்டினேன். பத்து நாளாக முழுச் சாப்பாடு சாப்பிடுகிறார், உன் தராசே சொல்கிறது, எதற்கு நாளை வீணாக்க வேண்டும் என்றேன். அவள் நோட்டைப் பார்த்தாள், சரி என்றாள். மேடம் அன்றைக்கு லீவு. முழு வேகத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு வார்டுக்குப் போனபோது கட்டில் காலி. மூச்சு வாங்கி, என்னவோ உளறி, கை மரத்துப்போய், விடிந்ததும் ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பாஸ்பரஸ் எவ்வளவு என்று லேபில் கேட்டேன். அந்தப் பெண் சொன்ன எண்ணை நம்பாமல் மறுபடி சொல்லச் சொன்னேன். அதே எண்தான். அப்படி ஓர் எண் வருவதென்றால் அந்த மனிதர் வாரக்கணக்கில் பட்டினி கிடந்திருக்க வேண்டும்.

ஐ.சி.யு. வாசல் பெஞ்சில் செல்லத்தாய் உட்கார்ந்திருந்தாள். நான் அவள் முன்னால் போய் நின்று கேள்வியாகக் கேட்டேன். குழாய் போடும்வரை சாப்பிட்டாரா, வாந்தி எடுத்தாரா, எங்காவது கொட்டினாரா. அவள் ஒவ்வொன்றுக்கும் நல்லா சாப்ட்டாவம்மா என்பதையே சொன்னாள். மரைக்கே நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். என் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு நர்சுகள் திரும்பிப் பார்த்தார்கள்.

அப்போதுதான் மேடம் வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். பெஞ்சில் செல்லத்தாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வார்டில் உட்கார்ந்து நான் அதுவரை பார்த்ததில்லை. பிறகு கேட்டார்.

“நீ இத்தனை நாளா எங்கே சாப்பிட்டே?”

செல்லத்தாய் நிமிர்ந்து பார்த்தாள். கீழே கேன்டீனில் என்று ஏதோ முனகினாள். எங்கள் ஆஸ்பத்திரியில் உடன் இருப்பவர்களுக்குச் சாப்பாடு கிடையாது. கேன்டீனில் என்ன சாப்பிட்டாய் என்று மேடம் கேட்டார். அவள் முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே இருந்தாள். மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சொன்னால்தான் ஆபரேஷன் நடக்கும் என்றார்.

“நாந்தான் தின்னேம்மா,” என்றாள் செல்லத்தாய். “அவியளுக்கு ரெண்டு கரண்டிக்கு மேல எறங்கல. எறங்கலைன்னு சொன்னா, இவன் தேற மாட்டான், கூட்டிட்டுப் போன்னு சொல்லிருவாவன்னு பயம். அந்தம்மா வேற தட்டை நிறுத்துப் பாக்காவ. கொட்டவும் மனசு வரல. ஆறு வேளையும் நானே தின்னேன். அழுதுக்கிட்டே தின்னேம்மா.”

மரைக்கேவுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. நான் ஆங்கிலத்தில் சொன்னேன். அவள் நோட்டை மூடிவிட்டுச் செல்லத்தாய்க்கு முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு உயரமான பெண் அப்படிச் சுருண்டு உட்கார்ந்ததைப் பார்த்ததும் எனக்கும் அழுகை வந்துவிட்டது. மேடம்தான் எங்கள் இருவரையும் எழுப்பி வேலைக்கு அனுப்பினார். குழாய் உணவைக் கால் பங்காகக் குறைத்தோம். பாஸ்பரஸ் மருந்து ரத்தக் குழாயில் ஏறியது, கூடவே வைட்டமின் பி-ஒன் ஊசி. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை ரத்தம். சுடலைமுத்து பிழைப்பாரா என்று இரண்டு நாள் யாரும் உறுதி சொல்லவில்லை. அந்த இரண்டு நாளும் நான் சாந்தோம் கோயிலில் முழங்காலில் நின்ற கணக்கை மாதாதான் அறிவாள். மூன்றாம் நாள் கண் திறந்து செல்லத்தாய் எங்கே என்று கேட்டார்.

கன்னியம்மாவிடம் அன்று சாயங்காலம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் வண்டியைத் துடைப்பதை நிறுத்தவேயில்லை. “எனக்குத் தெரியும்மா. அந்த அக்கா வாயில வச்சிக்கினு அழுதுச்சு, பாத்தேன்,” என்றாள். ஏண்டி சொல்லவில்லை என்று பாய்ந்தேன். “நீ என்னிய கேட்டியா? தட்டைத்தான கேட்டே,” என்றாள்.

அந்த வாரக் கடைசியில் கூட்டுக் கேஸ் மீட்டிங். எங்கள் டாக்டர்கள், மரைக்கே, கணினித் திரையில் அவள் கல்லூரி ஆட்கள். பேச வேண்டியவள் நான். தயார் செய்த தாளை மேடத்திடம் காட்டினேன். ‘நோயாளியின் உறவினர் தவறான தகவல் அளித்தார்’ என்று எழுதியிருந்தேன். பென்சில் வந்தது. அந்த வரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் பொய் சொன்னது உண்மைதானே மேடம் என்றேன். “அவ பொய் சொன்னா, சரி. நீ அவளண்ட அவளப் பத்தி ஒரு வார்த்தை கேட்டியோ?” என்றார்.

மீட்டிங்கில் தாளைப் பார்க்காமலே பேசினேன். நான் கேட்ட கேள்வி தப்பு, நான் பார்த்த தட்டு தப்பு, வேகத்தை எழுதியவள் நான் என்றேன். சர்ஜன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முகத்தில் என்ன இருந்தது என்று நான் பார்க்கவில்லை. மரைக்கே எழுந்து, அந்தத் தராசைக் கொண்டுவந்தவள் நான், தட்டை யார் காலி செய்தார் என்று தராசு சொல்லாது என்பதை நானும் யோசிக்கவில்லை என்று சொன்னாள். அதற்கு அவசியமே இல்லை. அவள் ஊருக்கு விமானம் ஏறியிருந்தால் யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அன்றிலிருந்து அவள் எனக்கு உடன்பிறந்தவள் மாதிரிதான்.

எங்கள் சார்ட்டில் அதற்குப் பிறகு ஒரு வரி சேர்ந்தது: உடன் இருப்பவர் என்ன சாப்பிட்டார்? மேடம் நிர்வாகத்தோடு மல்லுக்கட்டி, தேற்ற வேண்டிய நோயாளிகளோடு இருப்பவர்களுக்கும் ஒரு தட்டு வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருஷம் நான் நெதர்லாந்து போய் இந்தக் கேஸைப் பாடமாக எடுத்தேன். அங்கே கட்டிலுக்குப் பக்கத்தில் யாரும் படுத்திருப்பதில்லை. உடன் இருப்பவர் என்றால் என்ன என்று மாணவிகள் முழித்தார்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. நாலு மாதம் கழித்து மரைக்கே எழுதினாள். அவள் வார்டில் ஒரு வயதான அம்மா மெலிந்துகொண்டே போனாளாம், தட்டு மட்டும் காலி. பார்க்க வரும் நேரத்தில் கணவரைக் கூப்பிட்டு, நீங்கள் மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாளாம். அவர் வீட்டில் தனியாகச் சமைக்கத் தெரியாமல் இவள் தட்டைத்தான் தினமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம். அந்த அம்மாவே ஊட்டிவிட்டாளாம்.

சுடலைமுத்துவின் ஆபரேஷன் மரைக்கே போன பிறகுதான் நடந்தது. கால் பங்கிலிருந்து முழு அளவுக்கு வர ஒன்பது நாள் எடுத்தோம். நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு, கடைசியில் நாற்பத்தொன்பதரை. சர்ஜன் கத்தி வைத்தார். கட்டி முழுசாக வெளியே வந்துவிட்டது. எட்டாம் நாள் வாயில் தண்ணீர், பிறகு கஞ்சித் தண்ணீர், பிறகு கஞ்சி.

அந்த நாள்களில் செல்லத்தாய் ஒரு காரியம் செய்தாள். சாப்பாட்டு வண்டி வரும் சத்தம் கேட்டதும் எழுந்து வார்டுக்கு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்துகொள்வாள். தட்டு திரும்பிப் போன பிறகுதான் உள்ளே வருவாள். தன்மேல் மறுபடி சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்கு இது தெரிந்தது. தெரிந்ததும் எனக்குத் தாங்கவில்லை. படிக்குப் போய் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்காரவைத்தேன். இனி இந்த இடத்தை விட்டு எழுந்தால் தெரியும் சேதி என்று அதட்டினேன். அவளுக்கென்று வந்த தட்டை அவள் மடியில் வைத்தேன். அவர் முடிக்காமல் அவள் தொடவில்லை.

சுடலைமுத்து பால் கஞ்சியை ஸ்பூன் ஸ்பூனாகச் சாப்பிட்டார். ஒவ்வொரு வாய்க்கும் நிறுத்தி, இறங்குகிறதா என்று பார்த்து, அடுத்த வாய். கால் மணி நேரம் ஆயிற்று. நானும் மேடமும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். கிண்ணத்தின் அடியில் இரண்டு ஸ்பூன் அளவு இருக்கும்போது நிறுத்திவிட்டார். இறங்கவில்லையா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“நல்லா எறங்குதும்மா. இது அவளுக்கு,” என்று கிண்ணத்தைச் செல்லத்தாய் பக்கம் நீட்டினார்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். சாப்பிடு என்றேன். அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சார்ட்டை எடுத்து, நோயாளி சாப்பிட்டது, இரண்டு ஸ்பூன் குறைய ஒரு கிண்ணம் கஞ்சி என்று எழுதினேன். அடுத்த வரியில், உடன் இருப்பவர் சாப்பிட்டது இரண்டு ஸ்பூன் கஞ்சி என்று எழுதினேன். மேடம் வாங்கிப் படித்துவிட்டு, பென்சிலைக் காதிலிருந்து எடுக்காமல் சார்ட்டைத் திருப்பித் தந்தார்.